'எல்லா உடம்புக்கும்' என்று குர்தி விளம்பரம் போடுவதற்கு முன்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு மர்பி டவுனில் வீட்டிலிருந்தபடி காட்டன் குர்தி தைத்து இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒரு பெண் கேட்டிருக்கிறார்: அடுத்த கலெக்‌ஷனை 'எல்லா உடம்புக்கும்' என்ற விளம்பரத்தோடு கொண்டுவரலாமா? பருமனான மாடலை வைத்துப் படம் எடுத்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? கமென்ட்டில் கேவலமாகப் பேசினால் என்ன செய்வது? குண்டாக இருப்பதை நாமே ஊக்குவிப்பது போல ஆகிவிடாதா?

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கேமராவை எடுப்பதற்கு முன் கட்டிங் மேசைக்குப் போங்கள். பாடி பாசிட்டிவிட்டி (எந்த உடம்பையும் உள்ளபடி மதிப்பது) என்ற பெயரில் வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் தோற்பது படத்தால் இல்லை, துணியால். போஸ்டரில் பருமனான பெண் சிரித்துக்கொண்டிருப்பார், "அக்கா, இது 3எக்ஸ்எல்ல வருமா?" என்று கேட்டால் எக்ஸ்எல் வரைக்கும்தான் ஸ்டாக் இருக்கும். கேட்டவருக்கு அது வெறும் ஸ்டாக் இல்லாத விஷயமாகப் படாது. தன் உடம்பைக் காட்டி வேறு யாருக்கோ துணி விற்கிறார்கள் என்றுதான் படும். அப்படி நினைப்பதில் தப்பே இல்லை.

முதலில் பேட்டர்ன், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித மாதிரி. சிறு பிராண்டுகளில் வழக்கமாக எம் அளவுக்கு ஒரு பேட்டர்ன் போட்டு, அளவுக்கு 2 இஞ்ச் வீதம் மார்புச் சுற்றைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44, 3எக்ஸ்எல் 46. எக்ஸ்எல் வரை இது ஓரளவு ஓடும். அதற்கு மேல் உடம்பு அப்படி வளர்வதில்லை. மார்பு, வயிறு, இடுப்பு, மேல்கை எல்லாம் பெருக்கும். தோளின் எலும்பு அகலம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் இழுத்தால் தோள் தையல் சரிந்து கையில் உட்கார்ந்துகொள்ளும், கழுத்து அகன்று உள்ளாடைப் பட்டி வெளியே தெரியும், மேல்கை மட்டும் ரத்தம் கட்டுகிற மாதிரி பிடிக்கும். முன்பக்கக் கீழ் ஓரம் பின்பக்கத்தைவிட ஓரிரு இஞ்ச் தூக்கி நிற்கும். மார்பைத் தாண்டி இறங்க முன் துணிக்குக் கூடுதல் நீளம் வேண்டும், அது கொடுக்கப்படாததுதான் காரணம்.

அதனால் பெரிய அளவுகளுக்கென்று தனியாக ஒரு அடிப்படை பேட்டர்ன் போடுங்கள். டபுள் எக்ஸ்எல்லை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து ஒரு அளவு கீழேயும் இரண்டு அளவு மேலேயும் கிரேடிங் செய்வது, அதாவது மற்ற அளவுகளை வரைந்துகொள்வது, நல்ல வழி. டம்மியில் போட்டுப் பார்த்தால் போதாது. டம்மிக்கு மேல்கையும் கிடையாது, உட்கார்ந்தால் மடியும் வயிறும் கிடையாது. அந்த அளவில் இருக்கும் ஒரு பெண்ணை, அதற்கான காசைக் கொடுத்து, ஃபிட் பார்க்கக் கூப்பிடுங்கள். அளவெடுக்கும்போது கட்டிங் மாஸ்டர் வழக்கமாக விட்டுவிடும் இரண்டை விடாமல் எடுங்கள்: கையைத் தளரத் தொங்கவிட்டு மேல்கையின் மிகப் பருத்த இடத்துச் சுற்று, உட்கார்ந்த நிலையில் வயிற்றுச் சுற்றும் இடுப்புச் சுற்றும். நிற்கும்போது எடுத்ததைவிட உட்காரும்போது நன்றாகவே கூடும். நெய்த காட்டனில் மேல்கைக்கு உடம்பளவைவிடக் குறைந்தது 2 இஞ்ச் தளர்வு கொடுங்கள். மார்புக்கு 3 இஞ்ச். முன்பாகத்தில் பக்கவாட்டு டார்ட் (உடம்பின் வளைவுக்காக மடித்துத் தைக்கும் மடிப்பு) வைத்து, அந்த டார்ட் விழுங்கும் நீளத்தை முன் துணியில் கூட்டிக் கொடுங்கள். சைடு ஸ்லிட் எங்கே தொடங்குகிறது என்பதையும் உட்காரவைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

தைத்த சாம்பிளைப் போட்டுக்கொண்டு மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். பிஎம்டிசி பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பது போலக் கையை உயர்த்தட்டும்: குர்தி முழுசாக மேலே ஏறினால் கைக்குழி தப்பு. ஸ்கூட்டரில் உட்காரட்டும்: ஸ்லிட்டுக்கு மேல் தையல் இழுத்துக்கொண்டு சுருங்கினால் இடுப்பில் இடம் போதவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழட்டும். இந்த மூன்றிலும் தேறாத குர்தியை எவ்வளவு அழகான படம் எடுத்து விற்றாலும் திரும்பி வரும்.

இன்னொன்று, சுருக்கம். முன்கூட்டி நனைக்காத காட்டன் முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 36 இஞ்ச் சுற்றுள்ள குர்தியில் 4 சதவீதம் என்பது ஒன்றரை இஞ்ச்சுக்கும் குறைவு. 50 இஞ்ச் சுற்றில் அதே 4 சதவீதம் சரியாக 2 இஞ்ச், அதாவது ஒரு முழு அளவு. 'பெரிய சைஸ் வாங்கினேன், ஒரு வாஷ்ல பிடிக்குது' என்ற புகாரின் கணக்கு இதுதான். துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுங்கள். பக்கத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் விட்டுத் தையுங்கள். பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்பதை வாங்குபவருக்கும் சொல்லுங்கள்.

விலை விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. 3எக்ஸ்எல்லுக்கு மட்டும் 200, 300 ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டு, "துணி ஜாஸ்தி ஆகுது" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். 44 இஞ்ச் அகலத் துணி, 45 இஞ்ச் நீள நேர்வெட்டு குர்தி, முக்கால் கை. எஸ் அளவில் முன்பாகமும் பின்பாகமும் அகலத்தில் அருகருகே அடங்கிவிடும். கைகளையும் சேர்த்துச் சுமார் 1.7 மீட்டர். எல் வந்ததும் அருகருகே அடங்காது. ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும், கைகள் பக்கத்து மிச்சத் துண்டில் வந்துவிடும், சுமார் 2.4 மீட்டர். 3எக்ஸ்எல்லில் அந்த மிச்சத் துண்டில் கை அடங்காது, இன்னும் அரை மீட்டர் சேரும், 2.9 மீட்டர். ஆக, பெரிய தாவல் எஸ்ஸுக்கும் எல்லுக்கும் நடுவில். அதற்கு யாரும் தனி விலை போடுவதில்லை. எல்லிலிருந்து 3எக்ஸ்எல்லுக்கு ஏறுவது அரை மீட்டர். சிக்பேட்டையில் மீட்டர் 160 ரூபாய்க்கு எடுத்தால் 80 ரூபாய். பல அளவுகளைச் சேர்த்து அடுக்கி வெட்டினால் அதுவும் குறையும். எல்லா அளவின் துணிச் செலவையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே விலை போடுங்கள். 'எல்லா உடம்புக்கும்' என்ற வார்த்தைக்கு முதல் சாட்சி அந்த விலைப்பட்டியல்தான்.

அளவுப் பட்டியலில் உடம்பளவையும் தைத்த குர்தியின் அளவையும் இரண்டு தனி வரிசையாகப் போடுங்கள். ஆன்லைனில் வரும் அளவுக் குழப்பத்தில் பெரும்பங்கு, போட்டிருப்பது எந்த அளவு என்று தெரியாததால் வருவது. மேல்கைச் சுற்றுக்கு ஒரு வரிசை கட்டாயம். எஸ், எம் என்ற எழுத்துகளை நம்பிப் பயனில்லை. பெங்களூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய) துணிகள் அமெரிக்க, ஐரோப்பிய அளவுக்கு வெட்டியவை. இந்திய உடம்புக்கான பொது அளவுப் பட்டியல் நம்மிடம் இல்லாததால்தான் நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம், பெங்களூரு உட்பட ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயதுவரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தைக் கையில் எடுத்தது. கடைக்குக் கடை அளவு மாறும்போது, தப்பு தன் உடம்பில் என்றே பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

எல்லா அளவிலும் சமமாக ஸ்டாக் வைக்கப் பணம் இருக்காது என்பது புரிகிறது. 3எக்ஸ்எல்லையும் அதற்கு மேலும் ஆர்டர் வந்தபின் தைத்துக் கொடுங்கள். '7 நாளில் தைத்து அனுப்புவோம்' என்று விளம்பரத்திலேயே போடுங்கள். சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த விதிகளில், கையில் போதிய சரக்கு இல்லாமல் ஆசைகாட்டி இழுக்கும் விளம்பரங்களைப் பற்றித் தனிப் பகுதியே இருக்கிறது. சரக்கு குறைவு என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இனி, இந்த வகை விளம்பரங்களை ஏன் பலர் நம்புவதில்லை என்பது. பாடி பாசிட்டிவிட்டி இயக்கம் விளம்பரக் கம்பெனிகளிடம் பிறக்கவில்லை. 1969இல் நியூயார்க்கில் பருமனானவர்களின் உரிமைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள்; வேலையிலும் மருத்துவமனையிலும் நடக்கும் பாகுபாட்டை எதிர்ப்பதுதான் அதன் நோக்கம். அழகு என்ற பேச்சு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2004இல் டவ் சோப்பு 'நிஜ அழகு' பிரச்சாரத்தைத் தொடங்கியபோது அதன் உரிமையாளரான யூனிலீவர், இந்தியாவில் 1975 முதல் ஃபேர் அண்ட் லவ்லி விற்றுவந்த இந்துஸ்தான் லீவரிலும் (இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர்) பெரும்பங்குக்கு உரிமையாளர். ஒரு கையால் 'நீ இருப்பதே அழகு', இன்னொரு கையால் 'வெளுத்தால்தான் வேலை'. அந்த கிரீமின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியதே 2020இல்தான். மும்பையில் லக்மே ஃபேஷன் வீக் 2016இல் பிளஸ் சைஸ் மாடல்களுக்கென்று ஒரு ஷோ நடத்தியது, நல்ல காரியம். ஆனால் மேடையில் நடந்த உடம்புக்கு அடுத்த நாள் கடையில் துணி கிடைக்கிறதா என்பதுதான் வாங்குகிறவருடைய கேள்வி.

ஷூட்டுக்கு வருவோம். இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு: சாம்பிள் எல்லாம் எஸ், எம் அளவில் தைத்திருக்கும், பருமனான மாடல் வந்து நிற்பார், எதுவும் ஏறாது. முதுகில் கத்தரித்துப் பிரித்து, முன்னால் மட்டும் பார்க்கிற மாதிரி போட்டுவிட்டு எடுப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது எவ்வளவு அவமானம் என்று யாரும் யோசிப்பதில்லை. ஷூட்டுக்கு இரண்டு வாரம் முன்பே அவருடைய அளவில் சாம்பிள் தயாராக இருக்கட்டும், ஒருநாள் போட்டுப் பார்க்கட்டும். இதற்கு நேரெதிரான தப்பு, ஒல்லியான மாடலுக்கு முதுகுப்புறம் வரிசையாக கிளிப் போட்டு இடுப்பைப் பிடிப்பது. படத்தில் கச்சிதமாகத் தெரியும். வாங்கியவர் வீட்டில் தொளதொளவென்று தொங்கும். கிளிப் இல்லாமல் எடுக்கிறோம் என்று முடிவு செய்யுங்கள். உங்கள் பேட்டர்னின் குறையை உங்களுக்கே காட்டுவதற்கும் அது உதவும்.

மூன்று பேராவது வேண்டும்: எஸ் அல்லது எம், எல் அல்லது எக்ஸ்எல், 3எக்ஸ்எல். ஒரே குர்தி, ஒரே வெளிச்சம், ஒரே பின்னணி, ஒரே மாதிரி நிற்பது, ஒரே சம்பளம். பருமனானவருக்கு மட்டும் கறுப்பு நிறம் கொடுக்காதீர்கள். அவரை மட்டும் குதிக்கவைத்து, விழுந்துவிழுந்து சிரிக்கவைத்து, தன்னம்பிக்கையை நிரூபிக்கச் சொல்லாதீர்கள். மற்ற இருவரும் சும்மா நிற்கிறார்கள் என்றால் அவரும் சும்மா நிற்கலாம். பிளஸ் சைஸ் என்ற பெயரிலும் ஐந்தடி எட்டு இஞ்ச் உயரம், மெல்லிய தாடை, ஒடுங்கிய இடுப்பு என்று ஒரே அச்சைத்தான் ஏஜென்சிகள் அனுப்பும். சில ஷூட்டுகளில் சரியான இடங்களில் பஞ்சு வைத்து உடம்பைப் பெருக்கியும் காட்டுகிறார்கள். நம் வாடிக்கையாளர் ஐந்தடி ஒரு இஞ்ச் உயரத்தில், பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றோடு, பருத்த மேல்கையோடு இருப்பவர். அவரைப் போன்ற ஒருவரைத் தேடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் மாடலின் உயரம், மார்பு, இடுப்பு, போட்டிருக்கும் அளவு ஆகியவற்றை எழுதுங்கள். படத்தில் வேறு எதைச் செய்தாலும் இந்த ஒரு வரி தரும் பலனுக்கு ஈடாகாது.

லென்ஸ் உடம்பை மாற்றும். போனின் சாதாரண கேமரா அகலக்கோணம்; பக்கத்தில் நின்று எடுத்தால் ஃபிரேமின் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டு இன்னும் அகலமாகத் தெரிவார். குழுப்படத்தில் பருமனான மாடலை ஓரத்தில் நிறுத்துவதன் கொடுமை அதுதான். மூன்று மீட்டருக்கு மேல் பின்னால் போய், 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸில் எடுங்கள். பெரிய கேமரா என்றால் 70 முதல் 85 எம்எம். கேமரா மாடலின் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கட்டும். செல்ஃபி வீடியோவிலும் இதே கதை: 2018இல் வந்த ஓர் ஆய்வின்படி 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுத்த செல்ஃபியில், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. தன் முகத்தை வெறுப்பவர்களில் பலர் வெறுப்பது லென்ஸ் காட்டும் முகத்தைத்தான்.

தமிழ்ப் பெண்களுக்கு எடைக்குச் சமமாக, சிலருக்கு அதைவிட அதிகமாக, வலிப்பது நிறம். உடல் ஏற்பு என்று பேசிவிட்டுக் கறுத்த மாடலை வெளுக்க வைத்தால் அந்த விளம்பரம் அங்கேயே செத்தது. பாதி ஸ்டுடியோக்களில் இது வேண்டுமென்றே நடப்பதும் இல்லை. தூய வெள்ளைப் பின்னணியில் ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவைக் கேமராவே முடிவு செய்வது) வைத்தால் கேமரா வெள்ளையைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும். கறுத்த முகம் சாம்பல் பூத்துப்போகும். எடிட்டர் அதைச் சரிசெய்ய மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தை ஏற்றுவார். தோல் வெளுக்கும், கூடவே துணியும் வெளுக்கும். மெரூன் குர்தி தக்காளிச் சிவப்பாகிவிடும். 'படத்தில் பார்த்த கலர் வேற, வந்த கலர் வேற' என்று ரிட்டர்ன் வரும். வெளுக்கவைக்கும் பழக்கம் நேராகப் பணத்தையும் தின்கிறது.

செய்ய வேண்டியது: 18 சதவீத கிரே கார்டை (வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிபார்க்க உதவும் சாம்பல் அட்டை) மாடலின் முகத்தருகே பிடித்து ஒரு படம், அதை வைத்து எக்ஸ்போஷரும் வெள்ளைச் சமநிலையும். வெள்ளைக்குப் பதில் கடுகு மஞ்சள், செம்மண், வெளிர்ப்பழுப்பு போன்ற நடுத்தரப் பின்னணி. பெரிய சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி), பக்கவாட்டில் 45 டிகிரியில். கறுத்த தோலின் மினுமினுப்பு அப்போதுதான் எழும்பும். பவுடர் போட்டு அந்த மினுமினுப்பைச் சாகடிக்காதீர்கள். எல்இடி விளக்கு என்றால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல். மேக்கப் பேஸை முகத்தில் பார்க்காமல் தாடையும் கழுத்தும் சேரும் இடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

எடிட்டரிடம் வாய்வார்த்தையாக 'நேச்சுரலா இருக்கட்டும்' என்றால் பயனில்லை. அவர் கை பழக்கத்தில் இடுப்பை உள்ளே தள்ளும். எழுதிக் கொடுங்கள். தூசி, நூல் பிசிறு, பின்னணிச் சுருக்கம், அன்றைக்கு வந்த பரு: எடுக்கலாம். உடம்பின் வரைகோடு, வயிற்று மடிப்பு, பிரசவக் கோடுகள், முழங்கைக் கறுப்பு, தோல் நிறம்: தொடக் கூடாது. முடித்த படத்தோடு மூலப் படத்தையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். போனில் எடுத்தால் பியூட்டி மோடு அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 'ரீடச் செய்த படம்' என்று எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பிரான்ஸ் 2017இலும் நார்வே 2022இலும் அப்படி எழுதுவதைக் கட்டாயமாக்கின. ஆனால் எச்சரிக்கை வரியைப் படித்ததால் பார்ப்பவர் தன் உடம்பை ஒப்பிடுவதை நிறுத்துவதில்லை என்றே ஆய்வுகள் பெரும்பாலும் சொல்கின்றன. ரீடச் செய்யாமல் விடுவதே மேல். அமெரிக்காவின் ஏரீ உள்ளாடை பிராண்டு 2014 முதல் அப்படித்தான் செய்தது.

ஏஐ மாடல்களை இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 2023 மார்ச்சில் லீவைஸ் கம்பெனி பல வகை உடம்புகளைக் காட்டுவதற்காக ஏஐ மாடல்களைப் பரிசோதிப்பதாக அறிவித்துக் கடும் விமர்சனத்தைச் சந்தித்தது. நியாயமான விமர்சனம்: பருமனான பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்காமல் அவர் உடம்பை மட்டும் வரைந்துகொள்வது எந்த வகையில் மரியாதை? தொழில்ரீதியாகவும் பயனில்லை. அந்த உடம்பில் உங்கள் துணி எப்படி விழும், கை எங்கே பிடிக்கும் என்பது அந்தப் படத்தில் கிடையாது.

படத்தின் கீழே என்ன எழுதுவது? 'வயிற்றை மறைக்கும்', 'ஒல்லியாகக் காட்டும்', 'குண்டா இருந்தாலும் அழகு' மூன்றும் வேண்டாம். 'நிஜப் பெண்களுக்கு வளைவு உண்டு' என்பதும் வேண்டாம். ஒல்லியான பெண்கள் பொய்யா? தேசிய குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் இந்தியப் பெண்களில் 24 சதவீதம் பேர் அதிக எடை, 19 சதவீதம் பேர் குறைந்த எடை. 'எலும்பும் தோலுமா இருக்கே' என்று கேட்டு வளர்ந்தவர்களும் உங்கள் வாடிக்கையாளர்கள்தான்.

இன்னும் நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது. 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 18 முதல் 30 வயதுவரையுள்ள 195 பெண்களுக்கு இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். ஒல்லியான அழகிகளின் படங்களைப் பார்த்தவர்களைவிட, பாடி பாசிட்டிவ் படங்களைப் பார்த்தவர்களுக்கு மனநிலையும் உடம்பின் மீதான திருப்தியும் கூடின. அதே நேரம், தோற்றத்துக்குச் சம்பந்தமில்லாத படங்களைப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், இந்த இரு குழுவினருமே தங்களைத் தோற்றத்தை வைத்து எடைபோடுவது கூடியிருந்தது. நல்ல எண்ணத்தோடு காட்டினாலும் உடம்பு உடம்பு என்று பேசிக்கொண்டே இருந்தால் பார்ப்பவர் கண் கண்ணாடிக்கே திரும்புகிறது. அதனால் பத்துப் பதிவில் ஒன்றிரண்டில் உடம்பைப் பற்றிப் பேசினால் போதும். மற்றதில் குர்தியைப் பற்றிப் பேசுங்கள்: பாக்கெட் எவ்வளவு ஆழம், போன் நிற்குமா, மழையில் நனைந்தால் சாயம் போகுமா, உட்கார்ந்தால் கசங்குமா. மாடல்கள் வேலை செய்யட்டும். பையைத் தூக்கட்டும், மாடிப்படி ஏறட்டும், லேப்டாப்போடு உட்காரட்டும். பருமனான பெண் எந்தச் செய்தியும் சொல்லாமல் ஒரு குர்தியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் படம், பத்து முழக்கத்தைவிட ஆழமாக இறங்கும்.

இன்ஃப்ளூயன்ஸருக்குத் துணி இலவசமாகக் கொடுத்தாலும் அது விளம்பரம்தான். மும்பையிலுள்ள இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் 2021 விதிகளின்படி, 'விளம்பரம்' என்ற குறிப்பு 15 விநாடி வரையுள்ள வீடியோவில் குறைந்தது 3 விநாடி நிற்க வேண்டும். 15 விநாடியிலிருந்து 2 நிமிடம்வரை என்றால் வீடியோ நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. கேப்ஷனில் 'மேலும்' என்பதை அழுத்தினால்தான் தெரிகிற இடத்தில் ஒளிக்கக் கூடாது. அதே கவுன்சில் 2014இல், கறுத்தவர்களைக் கவலையோடும் அழகற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்றது. 2022இல், ஒருவர் வேலையிலோ காதலிலோ தோற்பதற்கு அவருடைய உடல்வாகு காரணம் என்று காட்டக் கூடாது என்றது. மற்றவர்களின் விளம்பரத்தில் இவற்றைப் பார்த்தாலும் அதன் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். பொய்யான விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய்வரை, மறுபடி செய்தால் 50 லட்சம்வரை அபராதம் உண்டு.

கமென்ட் கண்டிப்பாக வரும். பதிவு போடுவதற்கு முன்பே இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் மறைக்க வேண்டிய சொற்களின் பட்டியலைப் போட்டுவிடுங்கள்: குண்டு, குண்டச்சி, யானை, கருவாச்சி, எருமை. தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும் நான்கைந்து விதத்திலும் ஒருமுறை, கன்னடத்திலும் இந்தியிலும் ஒருமுறை. தானாக நடக்கும் வடிகட்டலுக்கு 'கொஞ்சம் டயட் பண்ணலாமே சிஸ்டர்' தப்பித்துவிடும். அதனால் முதல் சில மணிநேரம் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒருவர் மாடலாக இருக்கக் கூடாது. சண்டை நடந்தால் ரீச் கூடும் என்று சிலர் திட்டுகளை அப்படியே விட்டுவைப்பார்கள். அதற்கு விலை கொடுப்பது படத்தில் இருக்கும் பெண். அழியுங்கள், தடை செய்யுங்கள், வாதாடாதீர்கள்.

மாடலோடு போடும் ஒப்பந்தத்தில் படத்தை எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். அவர் கேட்டால் பணம் கட்டி ஓடவிட்ட விளம்பரத்தை 24 மணிநேரத்தில் நிறுத்துவோம் என்றும் எழுதுங்கள். பருமனான பெண்களின் படங்களைத் திருடி, எடைகுறைப்பு மருந்து விளம்பரத்தில் 'முன்பு' என்று போடும் கும்பல்கள் உண்டு. அப்படி நடந்தால் புகார் செய்வது உங்கள் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டமே தடை செய்கிறது.

கடைசியாக, பருமனை ஊக்குவிக்கிறோமா என்ற கேள்வி. குர்தி விற்பவர் யாருக்கும் மருத்துவர் இல்லை. அதனால் 'எந்த எடையும் ஆரோக்கியமே' என்றும் எழுதாதீர்கள், எடை குறைக்கவும் சொல்லாதீர்கள். ஆனால் இந்தக் கேள்வி வேறு யாரிடமிருந்தாவது வரும்போது சொல்வதற்கு விவரம் இருக்கிறது. நம் ஊர் உடம்புக்குச் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்த எடையிலேயே தொடங்குகிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எவ்வளவு எடை என்ற கணக்கு) 23ஐயே அதிக எடையின் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். படத்தில் ஒல்லியாகத் தெரிபவரின் வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அவமானப்படுத்தினால் எடை குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எடைக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானவர்கள் பிற்பாடு பருமனாவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று 2013இல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. ஜிம்முக்குப் போகவும் சரியான அளவில் ஒரு உடை வேண்டும். தமிழ்நாட்டிலேயே அதே குடும்பநல ஆய்வின்படி 40 சதவீதப் பெண்கள் அதிக எடை. அவ்வளவு பேரும் நாளை காலை எதையாவது உடுத்திக்கொண்டு வெளியே போக வேண்டும்.

பட்ஜெட் குறைவு என்றால் ஐந்து டிசைனை எக்ஸ்எல் வரை செய்வதைவிட ஒரே டிசைனை எஸ் முதல் 4எக்ஸ்எல் வரை செய்யுங்கள். பேட்டர்னுக்கும் ஃபிட்டுக்கும் மூன்று வாரம், சாம்பிளுக்கு ஒரு வாரம், ஷூட் ஒருநாள், எடிட்டுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். விற்பனை தொடங்கியதும் ரிட்டர்ன் ஒவ்வொன்றுக்கும் அளவையும் காரணத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 3எக்ஸ்எல்லில் இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தில் பிடிக்கிறது என்று சொன்னால், அந்த அளவின் விளம்பரத்தை அன்றே நிறுத்திவிட்டு மாஸ்டரிடம் போங்கள். வாங்கியவர்களுக்குச் செலவில்லாமல் பிரித்துத் தைத்துக் கொடுங்கள். அடுத்த கலெக்‌ஷனுக்கான ஃபிட் மாடல் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.